‘எடுக்காதே’ என்ற பெயரில் பதினான்கு பேர்

எங்கள் முதலாளியின் போன் கூலன்ட் தொட்டியில் விழுந்தபோது நான் ஆபீஸ் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூலன்ட் என்பது லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிவதற்காக ஊற்றிக்கொண்டே இருக்கும், பால் மாதிரி வெளுத்த எண்ணெய்த் தண்ணீர். அதிலிருந்து வெளியே எடுத்தபோது போன் நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பாதித் திரை கறுத்தது. சாயங்காலத்துக்குள் மீதிப் பாதி பச்சையாகிவிட்டது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன யூனிட். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுப்போம். பட்டறையில் பதினோரு பேர், ஆபீசில் நான் ஒருத்தி. மகள் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஐம்பதாவது வயதில் நான் தேடிக்கொண்ட வேலை இது. மேற்குத் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வந்து, அங்கே குன்றத்தூர் பஸ் பிடித்து வருவேன். மூன்று வருடமாகிறது.

முதலாளி உள்ளூர்க்காரர். பேட்டை வருவதற்கு முன்னால் அவருடைய அப்பா இதே பக்கத்தில்தான் நெல் போட்டிருக்கிறார். அறுபது வயது. எந்த மெஷினின் சத்தத்தையும் தூரத்திலிருந்தே கேட்டு அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மட்டும் தொடமாட்டார். அவருக்கு எல்லாமே போன்தான். அதுதான் இப்போது பச்சையாகிக் கிடந்தது.

“பேஜாரா பூடுச்சும்மா. எல்லா நம்பரும் அதுலதான் கீது” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழிதானே என்று போனை நான் எடுத்துப்போனேன். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் என் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

“போன் போச்சுக்கா. ஆனா நம்பர் மொத்தமும் எடுத்துட்டேன். ஒரே ஃபைலா இருக்கு. கம்ப்யூட்டர்ல அட்ரஸ் புக்குல ஏத்திக்கோங்க, அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். முதலாளியிடம் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இனிமே போனை நம்பறதா இல்லம்மா. மொதல்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்து. நான் புது போன் வாங்கினதும் இதுல இருந்து அதுக்கு மாத்திக்கலாம்.”

“அரை மணி நேர வேலை சார்” என்றேன். இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அட்ரஸ் புக்கைத் திறந்து, இம்போர்ட் என்பதை அழுத்தி, பென் டிரைவில் இருந்த ஃபைலைக் காட்டினேன். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. அறுநூற்றுச் சொச்சம் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்தில் இருந்தவர்கள் ஒழுங்காக வந்திருந்தார்கள். தமிழில் இருந்தவர்கள் மட்டும் சமக்குறியும் எண்ணும் எழுத்துமாக, வாய்ப்பாட்டைக் கிழித்து இறைத்த மாதிரி வந்திருந்தார்கள். எங்கள் முதலாளி முக்கால்வாசிப் பேரைத் தமிழில்தான் எழுதி வைத்திருந்தார்.

எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, எல்லாரும் கணக்குப் பாடமாட்டம் கீறாங்க?” என்றார்.

மதியம் பெங்களூருக்குப் போன் போட்டேன். மகள் சிரித்துவிட்டு, “அம்மா, அதை நேரா போடாதே. மொதல்ல மெயில்ல ஏத்து. அங்க தமிழ் சரியா வரும். அப்புறம் அங்கேருந்து இறக்கி உன் கம்ப்யூட்டர்ல போடு” என்றாள். அப்படியே செய்தேன். மெயிலில் தமிழ் சரியாகத்தான் தெரிந்தது. அதை இறக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினால், இம்முறை தமிழ்ப் பெயரெல்லாம் ஆங்கில ஏ எழுத்துக்குத் தொப்பி வைத்த மாதிரி வந்தது. வரிசையாக நானூறு, ஐநூறு தொப்பி. மறுபடி அழித்து, மறுபடி இம்போர்ட்டை அழுத்தியபோதுதான், அந்த ஜன்னலின் மூலையில் எழுத்துமுறை எது என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. அதில் தமிழ் எழுத்தையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கீழேயே இன்னொரு கேள்வியும் இருந்தது: ஒரே பெயர் பல முறை வந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடவா? சேர்க்கட்டுமே, சுத்தமாக இருக்கும் என்று அதிலும் ஒரு டிக் போட்டேன்.

பச்சைக் கோடு ஓடியது. தமிழ் வந்தது. ‘அ’ வரிசையில் முதல் பெயரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்தே கைதட்டினேன். பிறகு மேலும் கீழுமாக நகர்த்திப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் முதலாளி யாரையும் அவரவர் பெயரில் வைத்திருக்கவில்லை. ‘லேத் மூக்குக் கண்ணாடி’ என்று ஒருவர். ‘பெயின்ட் கோவக்காரன்’ என்று ஒருவர். ‘டீ’ என்று ஒன்று, ‘டீ நல்ல டீ’ என்று இன்னொன்று. எங்களுக்கு ஆர்டர் தரும் பெரிய கம்பெனியின் அதிகாரி, நான் எழுந்து நின்று பேசுகிற மனிதர், ‘நல்லவரு ஆனா லேட்டு’ என்று இருந்தார். என்னைத் தேடினேன். ‘கம்ப்யூட்டர் அம்மா’. இருக்கட்டும், இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்.

மறுபடி மேலே ‘எ’ வரிசைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. ‘எடுக்காதே’ என்று ஒரு பெயர். அதைத் திறந்தால் அந்த ஒரே ஆளுக்குப் பதினான்கு போன் நம்பர்.

என்ன நடந்திருக்கிறது என்பது கொஞ்ச நேரம் கழித்தே புரிந்தது. யாருடைய போனை எடுக்கப் பிடிக்கவில்லையோ அவர்களையெல்லாம் முதலாளி ‘எடுக்காதே’ என்றே சேமித்து வைத்திருந்தார். மணி அடித்தால் திரையில் அந்தச் சொல் வரும், அவரும் எடுக்கமாட்டார். ஒரே பெயர் என்பதால் கம்ப்யூட்டர், என் அனுமதியோடு, பதினான்கு பேரையும் ஒரே ஆளாக்கி வைத்துவிட்டது.

“சார், இதுல யார் யாரு?” என்று கேட்டேன்.

அவர் பட்டியலை உற்றுப் பார்த்தார். “நம்பரைப் பாத்தா எப்படிம்மா தெரியும்? எல்லாத்தையும் அழிச்சிடு.”

எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒன்று மின்வாரியமாக இருந்தால்? வரி ஆபீசாக இருந்தால்? “ஒரு தடவை நம்ம ஆபீஸ் போன்லேர்ந்து கூப்பிட்டு யாருன்னு கேட்டுக்கறேன் சார். வேண்டாதவங்கன்னா அழிச்சுடறேன்.”

“உனக்குப் பொழுது போவலன்னா பண்ணு” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை பில் வேலையை முடித்துவிட்டு, ஒரு தாளில் பதினான்கு நம்பரையும் எழுதி, லேண்ட்லைனை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் மூன்று நம்பரும் உபயோகத்தில் இல்லை. தாளில் அடித்துவிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் லோன் விற்கிறவர்கள். யார் என்று நான் கேட்பதற்குள் என் சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் கேட்டார்கள். ஆறாவது ஒரு நிலத் தரகர். வண்டலூர் பக்கம் இரண்டு கிரவுண்டு இருக்கிறது, வாஸ்து பார்த்த மனை என்றார். ஏழாவதில் இனிமையான ஒரு பெண்குரல், “பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க” என்றது.

எங்கள் யூனிட் பெயரைச் சொன்னேன். “ஐயோ மேடம், நாங்களே எத்தனை தடவை கூப்பிட்டோம்! உங்க சார் ஒரு பல்லுக்குப் பாதி வேலை பண்ணிக்கிட்டுப் போனாரு. சும்மா தற்காலிகமா அடைச்சுதான் விட்டிருக்கோம். ஒரு மாசத்துல வரச் சொன்னது. ரெண்டு வருஷம் ஆகுது.”

அவர் ஏன் எப்போதும் முறுக்கை வலதுபக்கமாகவே கடிக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டு, அந்த நம்பருக்கு ‘பல் டாக்டர்’ என்று பெயரிட்டேன்.

எட்டாவது நம்பரை எடுத்தவர் பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்மணி. பின்னால் குக்கர் விசில் கேட்டது. இந்த நம்பர் எங்கள் சாரின் போனில் இருக்கிறது, நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டேன் என்றேன்.

“எந்த சாரு? காஸ் சாரா?”

“காஸ் சாரா?”

“ஆமாக்கா. காலங்காத்தால போன் பண்ணி, ‘சிலிண்டர் இன்னும் வரல, இன்னா பண்ணிகினு கீறீங்க’ன்னு கத்துவாரு. நான் இட்லி ஊத்திகினு இருப்பேன். ராங் நம்பரு சார்னு சொன்னா நம்பவே மாட்டாரு. ஏதோ ஒரு நம்பர் மாத்திப் போட்டுகினு கீறாரு போல. அப்பால ஒருநாளு நம்பிட்டாரு. அதோட போனே காணோம்.” அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. “நல்லா கீறாராக்கா? திடீர்னு நின்னு போச்சா, எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.”

நன்றாக இருக்கிறார், போன்தான் போய்விட்டது என்று சொன்னேன். அவர் எடுக்கக் கூடாத ஆள் இல்லை இவள். அவர் கூப்பிடக் கூடாத ஆள். அந்த வித்தியாசத்துக்கு முதலாளியிடம் தனிச் சொல் இல்லாததால் இவளுக்கும் ‘எடுக்காதே’ என்றே போட்டுவிட்டார். ‘பெரும்பாக்கம் இட்லிக்காரம்மா, காஸ் இல்லை’ என்று எழுதி வைத்தேன். சுத்தம் செய்யும்போது அழித்திருக்கலாம். அழிக்கத் தோன்றவில்லை.

ஒன்பதும் பத்தும் மறுபடி லோன். பதினோராவது நம்பரைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹலோ இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“ஹலோ?” என்றேன்.

“இன்னா ஆச்சு அவனுக்கு?” என்றது ஓர் ஆண் குரல்.

“யாருக்குங்க?” என்றேன்.

“ஏம்மா, இது நம்ம யூனிட்டு லைன்தானே? இந்த லைனுக்கு எழுதிப் போட்டு, அலைஞ்சு வாங்கினவன் நான். இந்த நம்பரை மறப்பேனா? ஆறு வருஷம் கழிச்சு இதுல இருந்து போன் வருது. அவனுக்கு இன்னா ஆச்சு, அத்த சொல்லு மொதல்ல.”

“ஒண்ணும் ஆகல சார். சார் நல்லா இருக்காரு. உள்ள மெஷின்கிட்ட இருக்காரு” என்றேன் அவசரமாக. பிறகு போன் கூலன்ட்டில் விழுந்தது, ஃபைல் வந்தது, பெயர்களைச் சரிபார்ப்பது என்று கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று வந்தது. பிறகு அவர் கேட்டார்: “என்னை இன்னான்னு போட்டு வெச்சிருக்கான்?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சமயத்தில் எனக்குப் பொய் வராது. “எடுக்காதேன்னு போட்டிருக்காரு சார்.”

போனை வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு இருமல் வருகிற அளவுக்கு.

“அழிக்கலயா அவன்?”

“இல்ல சார்.”

“ஆறு வருஷமா?”

“இருந்துதுங்க.”

“சரிம்மா” என்றார். தன் பெயரைச் சொன்னார். நான் அதைத் தட்டச்சு செய்யும்வரை காத்திருந்துவிட்டு, “நான் எதுவும் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிகினு இருக்காதே” என்று வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த மூன்று நம்பரையும் கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். யார் எடுத்தார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை.

டீ நேரத்தில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினை ஓட்டும் அண்ணனிடம் விசாரித்தேன். யூனிட் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். பெயரைச் சொன்னதுமே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அவரா? அவரும் நம்ம சாரும் சேந்துதான் மேடம் இந்த யூனிட்ட ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்னுவாங்க. அப்பால ஒரகடம் பக்கம் பெரிய பெரிய கம்பெனிலாம் வந்துச்சா, படப்பைக்கு யூனிட்ட மாத்தலாம்னாரு அவரு. நம்ம சாரு, நான் எங்க அப்பன் மண்ண வுட்டு வரமாட்டேன்னாரு. பேசிகினே இருந்தாங்க, பேச்சு முத்திப் போச்சு. கடசீல நம்ம சாரு, எங்க எல்லாரையும் வெச்சுகினு, ‘ஊரு இல்லாதவனுக்கு இன்னாடா தெரியும்’னுட்டாரு. அவரு பொழப்புக்கு எங்கேருந்தோ வந்தவரு மேடம். பொசுக்குன்னு அழுதுட்டாரு. அன்னிக்குப் போனவருதான். அங்க தனியா யூனிட்டு போட்டுட்டாரு.”

“அப்புறம் பேசவே இல்லையா?”

“அவரு ரெண்டு மூணு தபா போன் பண்ணாரு. சாரு எடுக்கல.”

“ஏன்? கோபமா?”

அண்ணன் பிரஸ் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கோவம் இல்ல மேடம். மூஞ்சில முழிக்க வெக்கம்.”

அன்று பிற்பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எதுவும் சொல்லாதே என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் சம்பளம் தருகிறவரின் போனிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, அவரிடம் மறைப்பதும் சரியாகப் படவில்லை. நாலு மணிக்கு முதலாளி முகம் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார்.

“இன்னா, எடுக்காதேலாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். பல் ஆஸ்பத்திரில வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்.”

என்னை முறைத்தார். கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று.

“அப்புறம் சார்…” என்று அந்தப் பெயரைச் சொன்னேன். “அவரும் எடுத்தாரு.”

துண்டு நின்றது. அவர் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். தாம்பரத்தில் ஐம்பத்து மூன்று வயதுக்காரிக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். உள்ளே யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“இன்னா கேட்டான்?”

“உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு சார். ஆபீஸ் நம்பரைப் பாத்ததும் பயந்துட்டாரு.”

“அதுதான் மொதல்ல கேட்டானா?”

“ஹலோகூடச் சொல்லல சார். அதுதான் முதல்ல.”

ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி பின்னால் வருவதற்குக் கூவிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு கேட்டார்: “இன்னா பேரு போட்ட?”

“அவர் சொன்ன பேர்தான்.” திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இனிஷியல் எங்க? இனிஷியல் இல்லன்னா கோச்சுப்பான்.” சொன்னார், போட்டேன். “இது இன்னா கட்டம்?”

“அலுவலக முகவரி சார்.”

“படப்பை தாண்டி ஒரகடம் போற ரோட்டுல, பெட்ரோல் பங்குக்குப் பின்னால. மஞ்ச கேட்டு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“அந்தப் பக்கம் போனா பாப்பேன்” என்றார். “போன வருஷம்தான் மஞ்ச பெயின்ட் அடிச்சான். அதுக்கு முன்னால நீலம்.”

வாழ்க்கைத் துணையின் பெயர் என்றிருந்த கட்டத்துக்குப் பெயரைச் சொன்னார். மணநாளுக்கு நாளைச் சொன்னார். அந்தக் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போய் வழியில் வண்டி நின்றுபோன கதையையும் சொன்னார். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. அதில் எதுவும் போட வேண்டியதில்லை என்றேன். “போடு” என்றார். “ரத்தம் ஓ பாசிட்டிவ். எங்கம்மா ஆபரேஷனுக்கு அவன்தான் குடுத்தான்.” போட்டேன். அறுநூறு பேரில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் நிரம்பியிருந்தது.

“பிறந்தநாள் காலியா இருக்கு சார்.”

“கார்த்திகை மாசம்.” நெற்றியைத் தேய்த்தார். “தீபத்துக்கு முன்னாலயா, பின்னாலயா… தெரியலயே.”

“பரவாயில்ல சார், விட்டுடலாம்.”

“எப்படி வுடறது? எல்லாம் போட்டுட்டு இது ஒண்ண வுட்டா நல்லாவா கீது?” என்று அவர் லேண்ட்லைனை இழுத்தார். என் தாளைப் பார்க்கவில்லை. நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. நம்பரைப் பார்த்தால் யாரென்று தெரியாது என்று முந்தின நாள் என்னிடம் சொன்னவர்தான்.

எழுந்து வெளியே போகலாமா என்று நினைத்தேன். கையால் ‘உக்காரு’ என்று காட்டினார். விட்டால் ஓடிவிடுவாரோ என்ற பயம் அவருக்கே இருந்திருக்கலாம்.

“டேய், நான்தான்” என்றார். போன் வயரை விரலில் சுற்றினார். பிறகு ஒரே மூச்சில், “உன் பொறந்தநாளு தீபத்துக்கு முன்னாலயா பின்னாலயா?” என்றார்.

மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ தெரியாது.

“இல்லடா, கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் காலியா கீது. …ஆமா, அந்தம்மாதான். இங்கதான் உக்காந்துகினு இருக்குது. …முன்னாலயா? நான் பின்னாலன்னு இல்ல நெனச்சேன்.” கேட்ட தேதியை எனக்குத் திருப்பிச் சொன்னார், நான் போட்டேன். அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது. “டேய், அன்னிக்கு நான் அப்படி… இல்ல, நீ இரு, நான் சொல்லிடறேன்… சரி. சரிடா. இல்ல, நான் சொல்ல வந்தது…”

நான் எழுந்துபோய், அச்சடிக்க ஒன்றுமே இல்லாத பிரின்டரில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு முறை கேட்டது. அப்புறம் யாருடைய பெண்ணுக்கு எங்கே கல்யாணமாயிற்று, யாருக்கு முட்டி வலி, எந்தக் கம்பெனியில் எந்த அதிகாரி மாறிவிட்டார் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் பிரஸ் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு, கையிலிருந்த தகட்டோடு ஆபீஸ் கதவையே பார்த்தபடி நின்றார். “அவருதானே?” என்று உதட்டை மட்டும் அசைத்தார். தலையாட்டினேன்.

சனிக்கிழமை அவர் வந்தார். குட்டையான மனிதர், சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று பட்டறை மொத்தமும் காத்திருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. “வா” என்றார் இவர். “ம்” என்றார் அவர். நேராக உள்ளே போய்ப் பெரிய பிரஸ் முன்னால் நின்று, ஸ்கேலை எடுத்து ஒரு தகட்டின் வளைவை அளந்தார்.

“அரை எம்.எம். வெளிய போவுதுடா.”

“போவாது.”

“வந்து பாரு.”

இவர் குனிந்து பார்த்தார். “அது ஸ்கேலு தேஞ்சிருக்கு.”

“ஸ்கேலு எங்கயாவது தேயுமாடா?”

பிரஸ் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, “ஆரம்பிச்சுட்டாங்க மேடம்” என்றார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. மூன்று பேருமாக மத்தியானம் வரை அந்த அரை எம்.எம்.மைத் தேடினார்கள். அது இருந்தது. முதலாளி ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு மணி நேரமாயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோது வந்தவர் என்னைக் கூப்பிட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் வறுவலை நீட்டினார். நான் சைவம் என்றதும் உருளைக்கிழங்குப் பொட்டலத்தை மொத்தமாக என் பக்கம் தள்ளிவிட்டார். முதலாளி இடது பக்கத்தாலும் மென்று சாப்பிட்டார். வியாழக்கிழமை நான் கூடவே போய்ப் பல் ஆஸ்பத்திரி வாசலில் காவல் நின்றதன் பலன் அது.

படப்பைக்கு யூனிட் மாறவில்லை. ஆனால் இப்போது பெரிய தகடு வேலை வந்தால் அங்கே போகிறது. சின்னச் சின்ன வளைவு வேலை அங்கிருந்து இங்கே வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் இருவரும் போனில் சண்டை போடுகிறார்கள். பட்டறை வரை கேட்கும்.

புது போன் வாங்கியதும், பில் புத்தகத்தைப் பார்த்தும் விசாரித்தும் பட்டப்பெயர்களை உண்மைப் பெயர்களாக்கி அதில் ஏற்றிக் கொடுத்தபோது, முதலாளி ஒரு நாள் முழுக்க யாரையும் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார். பெயின்ட் கோவக்காரனுக்கு இவ்வளவு நல்ல பெயர் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் சமரசமாக, உண்மைப் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பெயரையும் சேர்த்துவிட்டேன். ‘நல்லவரு ஆனா லேட்டு’ என்பதில் மட்டும் ‘ஆனா லேட்டு’வை எடுத்துவிட்டேன். என்றாவது ஒருநாள் அந்த அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்து, மேஜைமேல் கிடக்கும் போனைப் பார்த்துவிடலாம்.

பேட்டையில் எந்தச் செய்தியும் இரண்டு நாளுக்குமேல் ஒரே யூனிட்டில் தங்காது. அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் பையை மாட்டுவதற்குள், பக்கத்து வெல்டிங் யூனிட் முதலாளி தன் போனை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“மேடம், நம்ம போனையும் அந்த மாதிரி கம்ப்யூட்டர்ல ஏத்தி, பேரெல்லாம் சரி பண்ணிக் குடுக்கணும்.”

“ஒரே பேர்ல நிறையப் பேரை வெச்சிருக்கீங்களா சார்?”

கொஞ்சம் யோசித்தார். “அப்படிலாம் இல்ல மேடம். ‘சார்’னு ஒரு முப்பது பேரு இருப்பாங்க. ‘மச்சான்’னு ஒரு நாப்பது. அவ்ளோதான்.”

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு வாரம் ஆகும் சார் என்றேன்.